இன்ஜினுக்கு முன்னால் பாடி: எம்.ஜி.பி.யில் வி8 ஏற்ற நினைப்பவருக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேறொரு இன்ஜினை ஏற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன், எந்தக் காரிலிருந்து கழற்றலாம் என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். அது உட்காரப்போகும் காரை மட்டும் விலை குறைவு, வீட்டுக்குப் பக்கம், நிறம் பிடித்திருந்தது என்று வாங்கிவிடுவார்கள்.

யோசிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது. இன்ஜின் சரிப்படவில்லை என்றால் இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றலாம். கியர்பாக்ஸும் அப்படித்தான். கதவுக்குக் கீழே துரு தின்றுவிட்ட பாடியை மாற்றுவது என்றால், காரை முதலிலிருந்து கட்டுவதாகிவிடும். அதனால் இந்த வேலையில் முதல் முடிவும் பெரிய முடிவும் பாடி ஷெல்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம், சீட் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மிஞ்சும் தகரக்கூடு அது.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: பிரிட்டனின் எம்.ஜி.பி. அதில் ஏற்றப்போவது ரோவரின் 3.5 லிட்டர் வி8. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் செய்துவரும் ஜோடி இது. எந்தப் பாடியில் எது இடிக்கும், எது இடிக்காது என்பது அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவிட்டது.

ஏன் இந்த ஜோடி?

எம்.ஜி.பி. 1962-இல் வந்தது. ஆபிங்டன் ஆலையில் 1980 வரை, கூபேயையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வில் அடியில் தனிச் சேஸிஸ் இருந்தது. பாடி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எம்.ஜி.பி.யில் தனிச் சேஸிஸ் கிடையாது. வளைத்து வெல்டிங் செய்த தகடுகளே மொத்தப் பாரத்தையும் தாங்குகின்றன. இதை மோனோகாக் என்பார்கள். இந்த ஒரு விஷயம்தான் பாடித் தேர்வை இவ்வளவு முக்கியமாக்குகிறது. தனிச் சேஸிஸ் உள்ள காரில் பாடி துருப்பிடித்தால் அழகு போகும்; மோனோகாக் காரில் துருப்பிடித்தால் பலம் போகும்.

எம்.ஜி.பி.யின் சொந்த இன்ஜின் 1798 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், சுமார் 95 குதிரைத்திறன். ரோவர் வி8-இன் பூர்வீகம் அமெரிக்கா. ப்யூக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த அலுமினிய இன்ஜின் அது. 1965-இல் அதன் உரிமையை ரோவர் வாங்கியது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எம்.ஜி.பி.யின் இரும்பு இன்ஜினைவிடக் கனம் இல்லை. காரின் மூக்கு தாழாது, ஸ்டீயரிங் கனக்காது.

இந்த ஜோடியை முதலில் வியாபாரமாகச் செய்து காட்டியவர் கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர். அதைப் பார்த்த எம்.ஜி.யின் அன்றைய உரிமையாளர் பிரிட்டிஷ் லேலண்ட் தானே களத்தில் இறங்கி, 1973 முதல் 1976 வரை எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்ற பெயரில் 2,591 கார்களைச் செய்தது. ஆக, இந்தப் பாடிக்குள் வி8 புகும் என்பதை ஆலையே நிரூபித்துவிட்டது.

எல்லாப் பாடிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1964-இல் சன்பீம் ஆல்பைன் என்ற சிறிய காரில் ஃபோர்டு வி8-ஐத் திணித்து சன்பீம் டைகர் என்று விற்றார்கள். இடம் போதாமல் ஸ்டீயரிங் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பெயின்ட் அடித்து வந்த பாடியில், இன்ஜின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டைச் சம்மட்டியால் அடித்து உள்ளே தள்ளித்தான் இன்ஜினை இறக்கினார்கள். அப்படியும் பின்கோடி ஸ்பார்க் பிளக் ஒன்றுக்குக் கை எட்டாது. காருக்குள் உட்கார்ந்து ஃபயர்வாலில் உள்ள ஒரு ஓட்டை வழியாகத்தான் அதைக் கழற்ற வேண்டும். பெரிய ஆலைக்கே அந்தப் பாடு என்றால், வீட்டு ஷெட்டில் செய்பவர் பொருந்துகிற பாடியைத் தேடுவதுதான் புத்தி.

எந்த வருடத்துப் பாடி?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா எம்.ஜி.பி.யும் ஒன்றுபோல இருக்கும். இன்ஜின் இறக்குபவருக்கு அவை மூன்று வகை.

முதல் வகை 1962 முதல் 1967 வரை வந்தவை. இவற்றில் நடுத் தளத்தில் மேடாக ஓடும் டனல் குறுகலானது. அன்றைய சிறிய கியர்பாக்ஸுக்கு அது போதும். வி8-க்குப் பின்னால் மாட்டப்படும் ஐந்து கியர் பெட்டிக்குப் போதாது. டனலை வெட்டி அகலப்படுத்த வேண்டும். டனல் பாடியின் முதுகெலும்புகளில் ஒன்று. அதில் கைவைப்பது சின்ன வேலை இல்லை. மேலும், இந்த வருடத்துக் கார்கள் மாறாமல் இருப்பதற்கே மதிப்பு அதிகம். அவற்றை விட்டுவிடலாம்.

இரண்டாவது வகை 1967 கடைசியிலிருந்து 1974 வரை வந்த குரோம் பம்பர் கார்கள். முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் உள்ள புதிய கியர்பாக்ஸையும் ஆட்டோமேட்டிக் பெட்டியையும் வைப்பதற்காக டனலை அகலமாக்கினார்கள். பின் ஆக்ஸிலும் பலமான குழாய் வகை. ஆனால் இன்ஜின் அறை நான்கு சிலிண்டருக்கு அளந்து செய்தது. இரு பக்க உள் மட்கார்டுத் தகடுகளில் இடம் பண்ண வேண்டும், ரேடியேட்டரை முன்னே தள்ள வேண்டும், ஸ்டீயரிங் தண்டுக்கும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் நடுவே வழி தேட வேண்டும். செய்ய முடியாததில்லை, செய்தவர்கள் ஏராளம். ஆனால் பார்க்க அழகான கார் என்பதால் விலை அதிகம். அந்த விலையையும் கொடுத்து, மேலே தகர வேலைக்கும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வகை 1974 கடைசியிலிருந்து 1980 வரை வந்த கறுப்பு ரப்பர் பம்பர் கார்கள். அமெரிக்காவின் பம்பர் சட்டங்களுக்காகக் குரோமை எடுத்துவிட்டுப் பருத்த கறுப்பு பம்பரை வைத்தார்கள். பம்பர் உயர விதிக்காகக் காரையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இன்றுவரை குரோம் கார்களைவிட இவற்றுக்கு விலை குறைவு. ஆனால் பானட்டைத் திறந்து பாருங்கள். அப்போது ஆலையில் ஜி.டி. வி8-உம் ஓடிக்கொண்டிருந்ததால், இரண்டு வகை இன்ஜின் அறை எதற்கு என்று வி8-க்காகத் திருத்திய அறையையே எல்லாக் கார்களுக்கும் வைத்துவிட்டார்கள். 1976 வாக்கில் ரேடியேட்டரும் வி8 காரில் இருந்ததுபோல முன்னே போனது. வெறும் நான்கு சிலிண்டரோடு விற்ற காரிலும் வி8-க்கான இடம் காலியாகக் காத்திருக்கிறது.

வி8 ஏற்றுபவருக்கு இதைவிடத் தோதான பாடி இல்லை. உயரத்தைக் குறைக்கத் தெரிந்த வழிகள் உண்டு. கறுப்பு பம்பர் கண்ணை உறுத்தினால், பின்னால் தகர வேலை செய்து குரோமுக்கும் மாறலாம். அந்த வேலை பாடியின் ஓரங்களில் நடப்பது. டனலையும் இன்ஜின் அறையையும் வெட்டுவதைவிட ஆபத்துக் குறைவு.

திறந்த காரா, கூரைக் காரா?

எம்.ஜி.பி. இரண்டு வடிவில் கிடைக்கும்: துணிக்கூரையுள்ள ரோட்ஸ்டர், தகரக்கூரையும் பின்கதவும் உள்ள ஜி.டி. கூபே. தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கிப் பாருங்கள், வளையும்; அதையே உறைக்குள் செருகி முறுக்கினால் அசையாது. ரோட்ஸ்டருக்கும் ஜி.டி.க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கூரை இல்லாத காரில் முறுக்கு விசை முழுவதையும் கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில் பெட்டிகளும் நடு டனலும் தாங்கியாக வேண்டும். ஜி.டி.யில் கூரையும் கண்ணாடித் தூண்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆலை 1973-இல் வி8-ஐ ஜி.டி.யில் மட்டும்தான் விற்றது. அதுவும் 137 குதிரைத்திறன்தான். பின்னால் வந்த ரோவர் எஸ்.டி.1 காரிலிருந்து எடுக்கும் இன்ஜின் 155 தரும். அதற்கு மேலும் ஏற்ற நினைப்பவர் ஜி.டி. பாடியை எடுப்பது நல்லது. ஜி.டி. சற்றுக் கனம், ஆனால் சந்தையில் ரோட்ஸ்டரைவிட மலிவு. திறந்த கார்தான் வேண்டும் என்றால் சில் விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

துருவை எங்கே தேடுவது?

முதலில் சில். வெளியே தெரிவது ஒரு தகடு. உள்ளே இருப்பது ஒரு பெட்டி. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் கோட்டை மதில்போல மேடும் பள்ளமுமாக வளைத்த ஒரு பட்டை. நாலும் சேர்ந்து ஒட்டியிருந்தால்தான் அது பெட்டி. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குப் பின்னால் தேங்கி, சில்லுக்குள் இறங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதி காணாமல் போயிருக்கும்.

ஏமாற்று வேலையும் இங்கேதான் அதிகம். எம்.ஜி.பி.யின் சில் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் அடியில் புகுந்து செல்கிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் மட்கார்டுகளின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துத்தான் மாற்ற வேண்டும். பலர் அதைச் செய்யாமல், அழுகிய சில்லின்மேல் புதுத் தகட்டைப் போர்த்தி ஓரத்தில் வெல்டிங் வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்கப் பளபளக்கும். பலம் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. காரைச் சமதளத்தில் நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். மேலே நெருங்கி கீழே விரிந்திருந்தால், கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, ஜாக்கிக்கென்று சில்லில் விட்டிருக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. இப்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு முன்போலவே சாத்தினால் நல்லது. இடித்தால், இழுத்தால், ஜாக்கி தகட்டுக்குள் நறநறவென்று இறங்கினால், விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை: தரைத்தகடு சில்லோடு சேரும் ஓரங்கள், பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடம், சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டி, முன் கண்ணாடிக்கு அடித்தளம். வி8-இன் இழுவை பின் ஆக்ஸில் வழியாக ஸ்பிரிங் மாட்டும் இடத்தில்தான் பாடியைத் தள்ளும். அந்த இடத்தில் அழுகல் என்றால் அதிகக் குதிரைத்திறன் அதிக ஆபத்து மட்டுமே.

பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில்லின் மேலும் சக்கர வளைவுகளின் மேலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, அல்லது அதன்மேல் கனமாகப் பட்டி இருக்கிறது.

நேராக இருக்கிறதா?

துரு இல்லாத பாடியும் கோணலாக இருக்கலாம். எங்கோ மோதி, இழுத்து நேராக்கி, விற்பனைக்கு வந்திருக்கலாம். இன்ஜின் அறையில் குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். மட்கார்டு போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் அதை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். இரு பக்கமும் முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ரோட்ஸ்டரில் சில் மாற்றியிருந்தால் இது இன்னும் முக்கியம். கதவு வாயிலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்து நிறுத்தாமல் சில்லை வெட்டினால், வெட்டிய நேரத்திலேயே பாடி தொய்ந்து, அந்தத் தொய்விலேயே புதுச் சில்லும் ஒட்டிவிடும்.

வேறொருவர் ஏற்கெனவே வி8-க்காக வெட்டிய பாடியும் விற்பனைக்கு வரும். அதில் உள் மட்கார்டுத் தகட்டைப் பாருங்கள். 1993-இல் வந்த எம்.ஜி. ஆர்.வி.8 காரின் பாணியில் சைலன்சர் மேனிஃபோல்டை அந்தத் தகட்டில் துளையிட்டு வெளியே எடுப்பது இன்று பரவலான முறை. துளை அளவாக, விளிம்பு வலுப்படுத்தி இருந்தால் ஆள் தெரிந்து செய்திருக்கிறார். கேஸ் கட்டரால் பிய்த்ததுபோல இருந்தால், மற்ற வேலைகளின் லட்சணமும் அதுவாகத்தான் இருக்கும்.

புதுப் பாடியே வாங்கலாமா?

எம்.ஜி.பி.க்கு இந்த வசதி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய ஆலையின் அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988 முதல் புத்தம்புது எம்.ஜி.பி. பாடி ஷெல்களை விற்கிறது. ஆர்.வி.8 காரே அந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான். சுமார் 2,000 கார்கள் செய்ததில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

புதுப் பாடியின் விலை பார்த்தவுடன் மலைக்க வைக்கும். ஆனால் அழுகிய காருக்கு இரண்டு சில், தரை, மட்கார்டு, ஸ்பிரிங் மாட்டும் இடம் என்று தகடு வாங்கி, வெல்டருக்குக் கூலி கொடுத்து, கடைசியில் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட கார்தான் கையில் இருக்கிறது, அதை விடவும் மனமில்லை என்பவருக்குப் புதுப் பாடி நியாயமான வழி. இனிமேல்தான் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், நல்ல பழைய பாடியைத் தேடுவதே லாபம்.

காகிதம்

பாடிக்குத்தான் சேஸிஸ் எண். பதிவும் அதோடுதான் போகும். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாத பாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். பிரிட்டனில் இன்ஜின் மாற்றியதை டி.வி.எல்.ஏ. பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 40 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு, ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையிலிருந்து 2018 முதல் விலக்கு உண்டு. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்த கார்களுக்கு அது கிடையாது. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் பெரிய மாற்றம் என்று கொள்ளப்பட வாய்ப்பு அதிகம். விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனைக்குக் கொண்டுபோவதே நல்லது. புகைச் சோதனையில் பழைய பாடிக்கு ஒரு சலுகை: காருக்கும் இன்ஜினுக்கும் எது பழையதோ அதன் காலத்து விதிதான் பொருந்தும்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. இங்கே இந்த மாதிரி வேலை பந்தயத் தடத்துக்கு, சாலைக்கு இல்லை.

மூன்று கார்கள் விற்பனைக்கு வந்தால்

ஒரே வாரத்தில் மூன்று எம்.ஜி.பி. கண்ணில் படுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, 1972 குரோம் ரோட்ஸ்டர். புது சிவப்பு பெயின்ட், இன்ஜின் இனிமையாக ஓடுகிறது, சில்லின்மேல் காந்தம் அங்கங்கே நழுவுகிறது. இரண்டாவது, யாரோ பாதியில் விட்ட வி8 கார். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் இருக்கிறது, டனல் தாறுமாறாக வெட்டப்பட்டிருக்கிறது, பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டதாம். மூன்றாவது, 1978 ரப்பர் பம்பர் ஜி.டி. நிறம் மங்கியது, சீட் கிழிந்தது, இன்ஜின் சீஸ் ஆகி ஷெட்டில் பல வருடம் கிடந்தது. ஆனால் கதவுகள் சரியாகச் சாத்துகின்றன, சில் முதல் நாள் போட்ட சில், ஆர்.சி. கையில் இருக்கிறது.

முதல் காரில் நீங்கள் காசு கொடுப்பது கழற்றி வைக்கப்போகும் இன்ஜினுக்கும் மறுபடி சுரண்டப்போகும் பெயின்டுக்கும். இரண்டாவதில் இன்னொருவரின் தலைவலிக்கு. மூன்றாவதன் விலையைக் குறைத்தது செத்த இன்ஜினும் கறுப்பு பம்பரும். அந்த இன்ஜினை நீங்கள் எப்படியும் தூக்கி எறியத்தான் போகிறீர்கள். அந்த பம்பரோடு வந்ததுதான் வி8-க்கு இடமுள்ள இன்ஜின் அறை. மூன்றாவதை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் பிரேக்கையும் பின் ஆக்ஸிலையும் முதலில் பாருங்கள், இன்ஜினை அதற்குப் பிறகு தேடலாம்.